சம்பா முடியட்டும்

தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்துப் போகிற ஒரு கிராமத்தில், மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஆன்லைனில் சிங்கப்பூர் மேனேஜர்களுக்கு மனம் விட்டுப் பேசச் சொல்லிக்கொடுத்தேன். லீடர்ஷிப் பயிற்சியாளர், உடல் மன நல ஆலோசகர் என்று என் கார்டில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை, "லீடர்ஷிப்னா எந்தக் கட்சிம்மா?" என்று நிஜமாகவே கேட்டார். என் மாமியாரைப் பொறுத்தவரை நான் கம்ப்யூட்டரில் மூச்சுவிடச் சொல்லித் தருகிறவள். "அது தானாவே வராதா?" என்பார்.

கணவருக்கு மஸ்கட்டில் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர் வேலை. கல்யாணமான கையோடு, விசா வருகிறவரை இருக்கட்டும் என்று சென்னையிலிருந்து என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பிறகு குடும்ப விசா எடுக்க அவருக்குத் தகுதியும் வந்தது. நான் மட்டும் நகரவில்லை. அவரோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்த வீட்டில் மருமகள் மாமனாரிடம் நேராக எதையும் கேட்கிற வழக்கம் கிடையாது. நான் அத்தையிடம் கேட்க வேண்டும், அத்தை மாமாவிடம் கேட்பார், பதில் அதே வழியில் திரும்பி வரும்.

"அறுபதாம் கல்யாணம் முடியட்டும்னாங்கம்மா."

சரி என்றேன். திருக்கடையூருக்குப் போய் அதுவும் முடிந்தது. மாலையும் கழுத்துமாக மாமாவும் அத்தையும் உட்கார்ந்திருந்தபோது, பெற்ற பிள்ளையைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். ஊர் திரும்பியதும் கேட்டேன்.

"சம்பா அறுவடை முடியட்டுமாம்."

அறுவடை மெஷின் வந்தது, போனது. விதைநெல் மூட்டைகள் என் அறைக்கே ஏறி வந்தன. கேமராவில் தெரியாமலிருக்க முன்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு அந்தப் புழுதிக்குள்ளேயே பாடம் நடத்தினேன்.

"மேட்டூர் தொறந்து குறுவை நடவு முடியட்டுமாம்."

அந்த நாட்களில் ஒரு பெரிய அதிகாரிக்கு, முடியாதென்றால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம். எனக்கு அந்த வீட்டைப் பிடிக்கவில்லை. வாய்க்கால் கரையில் கொஞ்சதூரம் நடந்தால்கூட, எதிரில் வருகிற ஒவ்வொருவரும் "எங்கம்மா இந்தப் பக்கம்?" என்பார்கள். நான் வீடு திரும்புவதற்குள் அத்தைக்குச் சேதி வந்திருக்கும். எல்லோரும் நல்லவர்கள். யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நடவு முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். மாமாவுக்கு இட்லி வைத்துவிட்டு, வழக்கமாவது ஒன்றாவது என்று நேராகவே கேட்டேன்.

"மாமா, நான் மஸ்கட்டுக்குப் போறதுல உங்களுக்கு என்ன தடை?"

அவருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு என்னம்மா தடை? புருஷன் இருக்கிற எடத்துல பொண்டாட்டி இருக்கணும்னு நான் அப்பவே சொன்னேன். அது முடியட்டும், இது முடியட்டும்னு சொல்லச் சொன்னதே என் பையன்தான்."

இத்தனை நாளும் இந்த வீடுதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். ராத்திரி போனில் எத்தனை தடவை அவரிடமே இவர்களைப் பற்றிப் புலம்பியிருப்பேன். "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று ஆறுதல்கூடச் சொன்னார்.

மாடிக்குப் போய் அவருக்குப் போன் போட்டேன். அங்கே விடுமுறை நாள், உடனே எடுத்தார். மாமா சொன்னதைச் சொன்னேன்.

"வேற யாரும் இல்ல. நீ நெனைக்கிற மாதிரி எதுவும் இல்ல" என்றார். "நாள் பூரா சைட்ல வெந்துட்டு ரூமுக்கு வரேன். நீ என் மூஞ்சியப் பாத்ததும் கண்டுபிடிச்சிடுவ. என்னன்னு கேப்ப. நான் சொல்றதுக்குள்ள அடுத்த கேள்வி வரும். லீவுல வந்தா அந்த ஒரு மாசத்தையே என்னால தாங்க முடியல."

கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். வருஷக்கணக்காகப் பாடம் நடத்திப் பழகிப்போன நாக்கு, என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"அப்படி நான் கேக்கும்போது உங்களுக்கு உள்ளுக்குள்ள என்ன தோணுது?"

"பாத்தியா?" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.