வெட்டிய காசும் ஐந்து வருஷ வேலையும்

கோபத்தோடு கும்பிட்டால் சாமி கேட்குமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. மனசு அடங்கிக் கும்பிட்டால்தான் பலிக்கும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் நான் கேட்டது பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது. அதற்குத்தான் அம்மன் காது கொடுத்தாள். அதனால்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். சிவில் இன்ஜினியரிங் படித்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் மேனேஜர். வருஷத்தில் பாதி, போர் போட வடக்கே போய்விடுவார். வீட்டில் நானும் மாமியாரும் பாப்பாவும்தான்.

படிப்பு முடிந்ததும் ஒரு மதிப்பீட்டாளரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். நிலத்தையோ வீட்டையோ வைத்து வங்கியில் கடன் கேட்டால், அந்தச் சொத்து என்ன விலை பெறும் என்று நேரில் போய் அளந்து பார்த்து எழுதிக் கொடுக்கிற வேலை. போவது நான், அளப்பது நான், எழுதுவது நான். கையெழுத்து சாருடையது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆக வெறும் பட்டம் போதாது. அதற்கு மேல் ஐந்து வருஷம் அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தை வேலை கொடுத்தவர் எழுதித் தர வேண்டும். பிறகுதான் வகுப்பு, தேர்வு எல்லாம். அந்த ஐந்து வருஷத்துக்காகத்தான் எடப்பாடியில் தறிக்கூடத்துத் தகரக் கூரைக்குக் கீழே காது அடைக்க நின்றேன். மாசமாக இருந்தபோதும் போனேன். பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, டேப்பை எடுத்தேன்.

போன ஆனி மாதம் சாரிடம் சான்றிதழ் கேட்டேன். பிரசவத்துக்கு வீட்டில் இருந்த மாதங்களை நானே கழித்துவிட்டுத்தான் கேட்டேன். அவர் சிரித்தார்.

"டைப் அடிச்சதுக்கெல்லாம் அனுபவமா? மாசமா இருந்தப்ப ஆபீஸ்ல உக்காந்துதான இருந்த. புள்ள பெத்துக்கிட்டதையும் சேர்த்து எழுதோணுமா?"

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று வீடு வரும்வரை யோசித்தேன். இன்றைக்கும் சில சமயம் அடுப்படியில் நின்று அந்தப் பதிலைத் தனியாகப் பேசிப் பார்க்கிறேன்.

அதே மாதம் தன் அண்ணன் மகனுக்கு ஐந்து வருஷச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அந்தத் தம்பி ஒரு நாள் வெயிலில் நின்றதில்லை. சைட்டுக்கு வந்தால் காரை விட்டு இறங்க மாட்டான். "அக்கா, நீங்களே பாத்துட்டு வந்துருங்க, செருப்பு புதுசு" என்பான். அவனுக்கு அனுபவம் இருக்கிறதாம். எனக்கு இல்லையாம்.

வீட்டுக்காரர் போனில், "உடு, வேற ஆபீஸ் பாத்துக்கலாம்" என்றார். வேறு ஆபீஸ் என்றால் திரும்பவும் முதல் வருஷத்திலிருந்து. அதை அவருக்குப் புரியவைக்கவே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. புகார் கொடுக்கலாம் என்று நினைத்தேன். யாரிடம், எதைக் காட்டி? காகிதத்தில் எல்லாம் அவர் பெயர்தானே. கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் செய்தது அவ்வளவு பெரிய வேலை இல்லையோ, நான்தான் அதிகம் எதிர்பார்க்கிறேனோ என்று. அந்தச் சந்தேகத்தை எனக்குள் விதைத்தாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பாப்பா சோறு வேண்டாம் என்றால்கூட அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

மாமியார்தான் ஒரு நாள், "வாயில்லாதவளுக்கு அம்மன் எதுக்கு இருக்கா? போய்க் காசு வெட்டிப் போட்டுட்டு வா" என்றார்.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அநியாயம் நடந்து, கேட்க ஆள் இல்லை என்றால், அம்மன் முன்னால் ஒரு காசை உளி வைத்து வெட்டி, வழக்கை அவளிடம் ஒப்படைத்துவிடுவோம். அதன் பிறகு அந்த இரண்டு குடும்பத்துக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் கூடாது. சமாதானம் ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து வந்துதான் அந்தக் காசை எடுக்க வேண்டும்.

ஆடி வெள்ளியில் எங்கள் காளியம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரி மாமா என்னைச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர். உளியைக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மிணி, யோசிச்சுக்க. வெட்டிட்டா அவங்க ஊட்டுல நீ கை நனைக்கக் கூடாது. அவரு கையால ஒண்ணு வாங்கவும் கூடாது."

"யோசிச்சுட்டேனுங்க மாமா" என்றேன். யோசிக்கவில்லை. அதுதான் உண்மை. சார் நாசமாகப் போக வேண்டும் என்று நான் வேண்டவில்லை. என் பாப்பா மேல் சத்தியமாகச் சொல்கிறேன். "நான் செஞ்ச வேலைய நான்தான் செஞ்சேன்னு அவரு வாயாலயே சொல்லோணும்." இவ்வளவுதான் கேட்டேன். ஆனால் ஒரே போடில் வெட்டினேன். அத்தனை கோபம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. அவர் கையால் எதுவும் வாங்கக் கூடாது என்றால், சான்றிதழை எப்படி வாங்குவது? எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மறுநாள் முதல் ஆபீசில் டீ குடிப்பதை நிறுத்தினேன். தண்ணீர் பாட்டில் கொண்டுபோனேன். மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். ஏன் டீயை ஒதுக்குகிறாய் என்று சார் கேட்டபோது மறைக்காமல் சொன்னேன். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு முழுசாக வரவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் வங்கி மேனேஜராக இருக்கிற அம்மா ஆபீசுக்கே நேரில் வந்தார். மோகனூர்ப் பக்கம் ஒரு கரும்புக் காட்டுக்கு, வயலைத்தான் நாங்கள் காடு என்போம், நாங்கள் மதிப்புப் போட்டிருந்தோம். கடன் வாங்கியவர் கட்டாததால் வங்கி அதை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காட்டுக்குள் போகத் தடமே இல்லை என்று திரும்பிவிட்டார்கள். தடம் இல்லாத காட்டுக்கு இவ்வளவு விலை எப்படிப் போட்டீர்கள் என்று அந்த அம்மா கேட்டார்.

சார் என் பக்கம் கையை நீட்டினார். "நான் போகலீங்க மேடம். இந்தப் பொண்ணுதான் போச்சு. அஞ்சு வருஷமா சைட்டு பூரா இதுதான் பாக்குது. தப்புன்னா இதைக் கேளுங்க."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பழி போடுவதற்காகச் சொன்னார். ஆனால் சொன்னார். நான் கேட்ட அதே வார்த்தை. அவர் வாயால்.

மறுநாள் எல்லோரும் மோகனூர் போனோம். கடன் வாங்கியவரின் அண்ணன் காடு முன்னால், அடமானக் காடு பின்னால். பின்னால் போகிற வரப்பை மறித்து அண்ணன் முள்வேலி போட்டிருந்தார். சார் வேலியைக் காட்டி என்னைப் பார்த்தார். நான் அவர்களைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனேன். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஆனால் கரைமேல் வண்டித்தடம் இருந்தது, நேராகக் காட்டில் போய் இறங்குகிறது. வரப்பு வழி சுருக்கம் என்பதால் எல்லோரும் அதிலேயே போய்ப் பழகி, இதை மறந்துவிட்டார்கள். நான் மட்டும் மறக்கவில்லை. மதிப்புப் போட வந்த அன்றைக்கு என்னால் வரப்புக்கு நடுவில் இருந்த பள்ளத்தைத் தாண்ட முடியவில்லை. அதனால்தான் கரை வழியாகப் போனேன். அப்போது எனக்கு ஏழு மாசம்.

அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. வேலி போட்ட அந்த அண்ணன்தான் என்ன கூட்டம் என்று பார்க்க வந்தவர், என்னை உற்றுப் பார்த்தார்.

"வயித்துப் புள்ளையோட வந்து டேப் புடிச்ச அம்மிணிதான நீ? நான் எளநி வெட்டிக் குடுத்தேனே. என்ன புள்ள சாமி பொறந்துச்சு?"

"பொண்ணுங்க" என்றேன்.

மேனேஜர் அம்மா என்னையும் சாரையும் பார்த்தார். "அஞ்சு வருஷமா இவங்கதான்னு நேத்து சொன்னீங்களே சார். இன்னும் ஏன் இவங்க பதிவுக்குப் போகல?" என்றார். சார் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பதில் சொன்னேன். சுருக்கமாக, எல்லாவற்றையும். சாரிடம் அந்த அம்மா ஒன்றுதான் சொன்னார்: "எழுதிக் குடுத்துருங்க."

இரண்டொரு நாளில் என் மேசை மேல் சான்றிதழ் இருந்தது. தேதிகள் சரியாக இருந்தன. கையில் கொடுக்க அவரும் வரவில்லை. அதைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பூசாரி மாமாவுக்குப் போன் செய்தேன். அவர், "அவரு குடுக்கல, மேசை குடுத்துச்சு. எடுத்துக்க" என்றார்.

வகுப்பு முடித்தேன். பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டுப் படித்துத் தேர்வும் தேறினேன். தை மாதம் பதிவு வந்தது. இப்போது என் அறிக்கையில் என் கையெழுத்து. முதல் அறிக்கையை அம்மன் காலடியில் வைத்துப் பொங்கல் வைத்தேன். யாரும் உங்களை நம்பவில்லை என்றால், நீங்களே உங்களைச் சந்தேகப்படத் தொடங்கிவிட்டால், அவளிடம் போங்கள். அழகாகக் கும்பிட வரவில்லை என்று தயங்காதீர்கள். எனக்கும் வரவில்லை.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. போன வாரம் சாரின் மனைவி வீடு தேடி வந்தார். அவர்கள் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். காசு வெட்டுப்பட்ட வீடு என்று மாப்பிள்ளை வீட்டார் தயங்குகிறார்களாம். சாரும் நானும் சேர்ந்து வந்து காசை எடுக்க வேண்டும் என்று அழுதார். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? வருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். மனசில் கோபத்தை வைத்துக்கொண்டு காசை எடுத்தால் அது அம்மனிடமே பொய் சொல்வது என்கிறார் பூசாரி மாமா. சான்றிதழ் கேட்ட அன்று சார் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சார் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மனைவியைத்தான் அனுப்பினார்.

கோபத்தோடு வெட்டினேன், அம்மன் ஏற்றுக்கொண்டாள். கோபம் தீராமல் எடுத்தால் ஏற்றுக்கொள்வாளா? இல்லை, கோபம் தீரும்வரை அந்தப் பெண்ணைக் காத்திருக்க வைப்பதா? உங்களில் யாராவது காசு வெட்டி, பிறகு எடுத்திருந்தால், அன்றைக்கு உங்கள் மனசு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் சார் வீட்டு அக்காவுக்குப் பதில் சொல்லப் போகிறேன்.