பின்னிருக்கையிலிருந்து ஓர் அழைப்பு

"பாய் தவறிட்டாருங்க சார்" என்று நடத்துநர் சொன்னபோது பேருந்து இன்னும் அரூரைத் தாண்டவில்லை. எந்தப் பாய் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பாய் ஒருவர்தான்.

காலை வண்டியில் தருமபுரி போகிற நம் எல்லோருக்கும் ரஹீம் பாயைத் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கடிகாரக் கடை வைத்திருந்தவர். எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர். மனைவி இறந்த பிறகு என் நாளில் பேச்சு என்று இருந்ததே அந்தப் பயணத்தில்தான். மிச்சப் பொழுதெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை.

போன மழைக்காலத்தில் வெறும் சளி என்று நான் விட்டது மூச்சிளைப்பாகி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. பார்க்க வந்த பாய் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "சளிதானேன்னு உள்ள வுட்டீங்க, அது வூட்டையே எழுதி வாங்கப் பாத்துச்சு" என்றார். சிரித்தால் எனக்கு இருமல் வந்தது. அவர் சிரிக்க வைப்பதை நிறுத்தவில்லை.

இந்த முறை காய்ச்சல் அவருக்கு. "உங்க நெஞ்சு தாங்காதுங்க" என்று பின்னிருக்கைக்குப் போய், அங்கிருந்து கைபேசியில் கூப்பிட்டார். ஒரே வண்டிக்குள் போனில் பேசிக்கொண்ட இரண்டு கிழவர்களைப் பார்த்து நீங்கள் சிரித்தது எனக்குத் தெரியும். அவர் இருமினால் காதிலும் கேட்கும், முதுகுக்குப் பின்னாலும் கேட்கும்.

காய்ச்சல் விட்டது. நாளைக்குப் பக்கத்திலேயே உட்காருவதாகச் சொன்னார். மறுநாள் அது திரும்பி வந்தது, மூச்சும் வாங்கியது. சர்க்கரை நோய் வேறு. நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் புறப்பட்ட என்னை அவர் மகன் போனில் தடுத்தார்: "சார் வரவே கூடாதுன்னு அத்தா சொல்லிட்டாருங்க. உங்களுக்கு ஒட்டிக்குமாம்."

எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை. என்னை இத்தனை பத்திரமாகப் பார்த்துக்கொண்டு, கடைசியில் தனியாக விட்டுப்போவதில் என்ன நியாயம்? நீங்களாவது விட்ட காய்ச்சல் திரும்பி வந்தால் டாக்டரிடம் உடனே போங்கள்.

பக்கத்து இருக்கையில் இப்போது யார் யாரோ உட்காருகிறார்கள். நேற்று எனக்கு மூக்கு ஒழுகியது. எழுந்து பின்னிருக்கைக்குப் போய்விட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு பழக்கம்தான். உட்கார்ந்ததும் கைபேசியை எடுத்தேன். கூப்பிடுவதற்கு முன்னிருக்கையில் யாரும் இல்லை.