மருதடிவட்டையில் மூன்று பேருக்கு ‘ஓம்’ சொன்ன நாள்

பத்திரிகை வேலையில் எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. மரணச் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவதும் அந்த வேலையில் ஒரு பகுதி. வருகிற செய்திகளில் இறந்தவர் எல்லாரும் பரோபகாரிகள், எல்லாரும் இன்சொல் உடையவர்கள். பெயரை மறைத்துவிட்டால் யார் எவர் என்று வீட்டாருக்கே தெரியாது. செட்டிபாளையத்தில் ஆசிரியராயிருக்கும் நண்பர் கணபதிப்பிள்ளை கொழும்புக்கு வந்தபோது இதைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். அவர் சிரித்தார்.

“எங்கட படுவான்கரையில ஒரு வட்டை இரிக்கு. அங்க செத்தவரை நல்லவர் எண்டு சொன்னா ஏச்சு விழும். ஆவணியில வாங்க, காட்டிறன்” என்றார்.

வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் நீர் பாயும் வயல்வெளி. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ளது எழுவான்கரை, மேற்கே உள்ளது படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை என்று கணக்கு. இந்த இரண்டு சொற்களும் தெரிந்தால் அந்தப் பகுதியில் வழி கேட்பது எளிது.

சென்ற ஆவணியில் போனேன். கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில். மூன்றாம் வகுப்புக்கு ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மாகோவுக்குப் பிறகு குளிரும். போர்வை கொண்டுபோகாதவர்கள் என்னைப் போல் செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டு வரலாம். காலை எட்டு மணிக்கு மட்டக்களப்பு. நிலையத்துக்கு வெளியே தேத்தண்ணியும் இடியப்பமும் பத்துச் சதம். சந்தைக்கு அருகிலிருந்து தெற்கே போகும் பஸ் புறப்படுகிறது. புறப்படும் நேரத்தைச் சாரதியிடம் கேட்டேன். “ஆக்கள் நிரம்பின உடனே” என்றார். ஒன்பதரைக்கு நிரம்பியது. கல்லடிப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடியின் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பத்து மைலுக்கு மேல் போனால் செட்டிபாளையம். கட்டணம் இருபத்தைந்து சதம். அன்று நண்பர் வீட்டில் தங்கினேன்.

மறுநாள் காலை இருவரும் சற்று வடக்கே உள்ள துறைக்கு நடந்து தோணி ஏறினோம். ஆளுக்கு ஐந்து சதம். காற்று இருந்தால் அரை மணியில் அக்கரை. அன்று காற்று இல்லை. தோணிக்காரர் கம்பால் ஊன்றி ஊன்றித் தள்ளினார். எங்களோடு சாறனும் சேலையும் விற்கும் காத்தான்குடி வியாபாரி ஒருவர், இபுறாகிம் காக்கா (அங்கே முஸ்லிம் அண்ணன்மார் எல்லாரும் ‘காக்கா’தான்), பெரிய துணிமூட்டையோடு வந்தார். நாங்கள் போவது மருதடிவட்டைக்கு என்று நண்பர் சொன்னதும் மூட்டையைத் தட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“கண்ணம்மக்காவுக்கு ‘ஓம்’ சொல்ற நாளா இண்டைக்கு? அவ போனதுக்குப் பொறகு இந்தக் கரையில என்னை ஏச ஆளில்ல தம்பி. ஒருக்கா சாயம் போற சேலை ஒண்டைக் குடுத்திட்டன். தெரியாமத்தான். துறையில வெச்சு, அம்புட்டுச் சனத்துக்கும் முன்னால, அந்தச் சேலையால என்ட மூட்டையையே கட்டி அனுப்பினா. மறுகா பதினஞ்சு வருஷம் நான் சாயம் போற துணி எடுக்கல்ல.”

“அப்ப அவ நல்லவதானே, காக்கா?” என்றேன்.

“அதை அங்க போய்ச் சொல்லிராதீங்க” என்றார். நண்பர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அக்கரையில் ஒற்றை மாட்டு வண்டி காத்திருந்தது. நான்கு மைலுக்கு ஐம்பது சதம். வண்டிக்காரர் சீனித்தம்பிக்கு ஐம்பது வயதிருக்கும். மாட்டோடு பேசுகிற அளவுக்கு மனிதரோடு பேசாதவர். கண்ணம்மை பெயரை நண்பர் எடுத்ததும் வண்டியின் வேகம் குறைந்தது.

“என்ட மச்சாள்தான். அண்ணன்ட பெண்சாதி” என்றார். அப்புறம் அரை மைல் மாட்டோடுதான் பேச்சு. பிறகு அவராகவே சொன்ன கதை இது.

அந்த வட்டையில் விதைப்புக்கு முன் ஒரு கூட்டம் நடக்கும். நீர் முறையைக் கவனிக்கும் வட்டை விதானை, குளத்து மதகிலிருந்து வாவி வரை எந்த வயலுக்குப் பிறகு எந்த வயல் என்ற ஒழுங்கில் பெயர்களைக் கூப்பிடுவார். வயற்காரர் ‘ஓம்’ என்று, அதாவது ‘ஆம், இருக்கிறேன்’ என்று பதில் சொன்னால் அடுத்த பெயர். அந்த வருடம் இறந்தவரின் பெயரையும் ஒரு தடவை கூப்பிட வேண்டும். இறந்தவருக்காக உறவுக்காரர் ஒருவர் ‘ஓம்’ சொல்லி, அவர் செய்த வேலைகளில் இன்னும் நிற்பது எது என்றும் சொல்ல வேண்டும். குணத்தைச் சொல்லக்கூடாது. வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு பெயருக்கு ‘ஓம்’ வராவிட்டால் விதானை அதைத் தாண்டிப் போக முடியாது; மதகு திறக்கும் நாளும் குறிக்க முடியாது.

அந்தப் பக்கத்தில் வயல் தாயிடமிருந்து மகளுக்குப் போவது வழக்கம். ஆனால் கூட்டத்தில் கூப்பிடுவது கணவன் பெயரை. கண்ணம்மையின் கணவர் நாகமணி, மகள் தவழ்கிற காலத்திலேயே பாம்பு கடித்து இறந்துபோனார். அதன் பிறகும் விதானை பழக்கத்தில் ‘நாகமணி’ என்றே கூப்பிட்டார். கண்ணம்மை மருத மரத்தடியில் நின்று ‘ஓம்’ சொல்லிவந்தார். இருபது வருடமாக யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

“இப்ப அவ போயிட்டா. மகள் தங்கம்மை சொல்றா, அம்மாட பேரைக் கூப்பிடணுமாம். விதானையார் சொல்றார், பெண் பேரை வட்டையில கூப்பிட்ட வழக்கம் இல்லையாம். அவர் ‘நாகமணி’ எண்டுவார், தம்பிக்காரன் நான் ‘ஓம்’ எண்டணும். எண்டாட்டி ஊருக்கே தண்ணி நிண்டுபோகும். எண்டிட்டா அந்தப் புள்ள இனி என்ட முகத்தில முழிக்க மாட்டா. நீங்க படிச்சாக்கள், என்ன செய்யிற எண்டு சொல்லுங்க பாப்பம்.”

 நண்பர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

வட்டைக்குள் நுழையும் இடத்தில் பனங்குற்றிகள் போட்ட சிறிய பாலம் வருகிறது. வண்டியை நிறுத்திவிட்டுச் சீனித்தம்பி கீழே காட்டினார். ஆறடி அகலத்தில் ஒரு வாய்க்கால், ஒரு வயலை நடுவால் இரண்டாகப் பிளந்துகொண்டு வாவிக்குப் போகிறது. வட்டையின் கடைசி வயல் கண்ணம்மையுடையது. முன்னெல்லாம் பெருமழையில் மேல்வயல்களின் வெள்ளம் இவருடைய வரம்பில் முட்டி நின்று பயிரை அழுக வைக்குமாம். ஒரு வருடம் மேல்வயல்காரர் அத்தனை பேருடைய நெல்லும் அழுகியது. அடுத்த கோடையில் கண்ணம்மை மண்வெட்டியை எடுத்துத் தன் வயலின் நடுவே வெட்டத் தொடங்கினார். வரம்போரமாக வெட்டினால் நிலம் குறைவாகப் போகும். ஆனால் பள்ளம் நடுவில்தான் இருந்தது. வெட்டி முடிக்க இரண்டு கோடை பிடித்தது. கோடையில் வாவியின் உப்புத் தண்ணீர் ஏறாமலிருக்க வாய்க்காலின் வாயில் பலகை போட்டு அடைப்பதும் அவர் வேலையே. இப்போது அதை மகள் செய்கிறார்.

“நீங்க உதவி செய்யல்லையா?” என்று கேட்டேன்.

“போனன். ‘கோணல் மாணலா வெட்டுறதுக்கு நீ என்னத்துக்கு’ எண்டு விரட்டிப்போட்டா. நான் கோணலாத்தான் வெட்டுவன்.” அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. திட்டு வாங்கியதற்கு அப்படிப் பெருமைப்பட்ட மனிதரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

கூட்டம் பத்து மணியளவில் மருத மரத்தடியில் தொடங்கியது. ஐம்பது அறுபது பேர். விதானை வேலாப்போடியார் உயரமான, நரைத்த மனிதர். கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை, அத்தனை பெயர்களும் வாயிலேயே வந்தன. அவருக்கு முன்னால் ஒரு தட்டில் வெற்றிலை. பெண்கள் பின்னால் நின்றார்கள். தங்கம்மை அவர்களுக்கு முன்னால், மரத்தின் வேரில் ஒரு காலை வைத்து நின்றார். அது அவர் தாய் நிற்கிற இடம் என்று நண்பர் காதில் சொன்னார்.

இறந்தவர்களில் முதலில் வந்த பெயர் கதிராமன். பரணில் இருந்து யானை விரட்டியவர். அவருடைய மருமகன் ‘ஓம்’ என்று எழுந்தார். “மாமா பரணில நித்திரை கொள்றவர், எல்லாருக்கும் தெரியும்.” சிரிப்பு. “ஆனா அவர் கட்டின பரணில பன்னெண்டு வருஷமா ஒரு கயிறும் அவிழல்ல. இண்டைக்கும் நான் அதிலதான் ஏறுறன்.” கூட்டம் தலையாட்டியது. அடுத்த பெயர்.

நடுவில் தம்பிமுத்து என்ற பெயர் வந்தது. காய்ச்சலில் போன பையன், இருபது வயதுகூட நிரம்பவில்லை. அந்த வயதில் என்ன வேலை நிற்கும் என்று நான் நினைத்தேன். அவனுடைய தகப்பன் எழுந்து மேய்ச்சல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, “ஓம். அவன் பழக்கின எருமைச் சோடி நிக்குது. என்னைக் கிட்ட விடுதில்ல. அவனைப் போல விசில் அடிச்சாத்தான் ஏருக்கு வருது. இந்த வயசில நான் விசில் பழகிறன்” என்றார். யாரோ ஒருவர் “அடிச்சுக் காட்டுங்க அண்ணே” என்றார். அவர் உதட்டைக் குவித்து அடித்தார். தூரத்தில் மேய்ந்த இரண்டு எருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. சிரித்தவர்களே கண்ணைத் துடைத்தார்கள். அழுகையில் முடிந்திருக்கக்கூடிய ஒரு பெயர் அப்படிப் பெருமையோடு முடிந்தது.

பெயர்கள் வாவியை நோக்கி இறங்கி இறங்கிக் கடைசி வயலுக்கு வந்தன. விதானை வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கூப்பிட்டார்.

“நாகமணி.”

 எல்லாரும் சீனித்தம்பியைப் பார்த்தார்கள். அவர் நிலத்தில் ஒரு புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தங்கம்மை அவரைப் பார்க்கவேயில்லை.

“நாகமணி!”

“என்ன சீனித்தம்பி, காது அடைச்சிட்டோ?” என்றார் விதானை.

சீனித்தம்பி எழுந்தார். வண்டியில் பேசியதைவிட மெதுவாகத்தான் பேசினார். “காது நல்லாக் கேக்குது விதானையார். நாகமணி அண்ணன் செத்த வருஷமே இதே மரத்தடியில நான் அவருக்கு ‘ஓம்’ சொல்லிட்டன். உங்கட அப்பாதான் அப்ப விதானை. செத்த ஒருத்தருக்கு ரெண்டு தரம் ‘ஓம்’ சொல்ற வழக்கம் நம்மட வட்டையில இரிக்கா?”

விதானை மெல்லுவதை நிறுத்தினார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. வழக்கத்தைக் காட்டித்தான் அவர் மறுத்திருந்தார்; இப்போது அதே வழக்கம் அவர் முன்னால் வந்து நின்றது.

“அப்ப… நாகமணிட பெண்சாதி” என்றார்.

 பின்னாலிருந்து ஒரு கிழவரின் குரல் வந்தது: “அவ இருந்திருந்தா இப்ப உங்களுக்கு நல்ல ஏச்சு விழுந்திரிக்கும் விதானையார்.” மரத்தடி முழுவதும் சிரித்தது. விதானையும் சிரித்துவிட்டார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

“கண்ணம்மை!”

தங்கம்மை வாயைத் திறப்பதற்குள் மேல்வயல்காரர் ஒருவர் ‘ஓம்’ என்றார். பக்கத்திலிருந்தவர் ‘ஓம்’ என்றார். அந்த வாய்க்காலால் வெள்ளம் வடிகிற ஒவ்வொரு வயலிலிருந்தும் ஒரு குரல். கடைசியாகத் தங்கம்மையின் குரல் வந்தது. “ஓம். அம்மா வெட்டின வாய்க்கால் ஓடுது.” 

விதானை தங்கம்மை பக்கம் திரும்பினார். “சரி புள்ள. இனி இந்த வயலுக்கு ஆர்ர பேரைக் கூப்பிடுற?”

“தங்கம்மை” என்றார் தங்கம்மை.

“தங்கம்மை” என்று விதானை கூப்பிட்டார். “ஓம்” என்றார் அவர். மதகு திறக்கும் நாள் குறிக்கப்பட்டது. எல்லாருக்கும் புக்கையும் (அங்கே பொங்கலுக்கு அதுதான் பெயர்) எருமைத் தயிரும் கிடைத்தன. சீனித்தம்பிக்குத் தங்கம்மை தன் கையால் இரண்டாம் தடவை தயிர் ஊற்றியதைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்தத் தொழிலில் பெரிய மனிதர்கள் பலருடைய இரங்கற் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். அவற்றில் கேட்ட சொற்களில் ஒன்றும் நினைவில் இல்லை. கதிராமனின் பரண் கயிறும் தம்பிமுத்துவின் எருமைகளும் நினைவில் இருக்கின்றன. அந்த ஊர் தன் மக்களைப் பற்றிப் பெருமைப்படுகிறது. எதற்காக என்று கேட்டால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறது.

போக விரும்புகிறவர்களுக்கு: கூட்டம் ஆவணிக் கடைசியிலோ புரட்டாசி முதலிலோ நடக்கும், நாளைச் செட்டிபாளையத்திலேயே விசாரித்துக்கொள்ளலாம். ஐப்பசிக்குப் பிறகு வண்டிப் பாதை சேறாகிவிடும். முதல்நாள் இரவு எழுவான்கரையில் தங்குங்கள். மாலையில் தோணி கிடைப்பது நிச்சயமில்லை. கையில் ஒரு கட்டு வெற்றிலை கொண்டுபோவது மரியாதை. குடை அவசியம், சப்பாத்து அவசியமில்லை. போக்குவரத்தும் சாப்பாடும் ரயிலும் சேர்த்துப் பதினைந்து ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

திரும்பி வரும்போது பனங்குற்றிப் பாலத்தில் சீனித்தம்பி மறுபடியும் வண்டியை நிறுத்தினார். மாடு களைத்துவிட்டது என்றார். மாடு களைத்ததாக எனக்குத் தெரியவில்லை. நீங்களும் போனால் அந்த இடத்தில் வண்டி நிற்கும், வாய்க்காலை வெட்டியது யார் என்று உங்களுக்குச் சொல்லப்படும். தோணியைப் பிடிக்கும் அவசரம் இருந்தால் அரை மணி முன்னதாகப் புறப்படுங்கள்.