விசில் கேட்டுத்தான் எடுத்தேன்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஓட்டும் பஸ்ஸிலேயே சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சமயபுரத்துக்குப் போய் ஓர் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தினேன். டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டை டீச்சருக்கென்று விட்டுவைப்பார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

வீட்டில் அப்பாவிடம் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"காது மந்தமாயிடுச்சு உங்களுக்கு" என்பாள் அம்மா.

"என் காதுக்கென்ன? நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க. டீச்சரம்மாவே முணுமுணுத்தா புள்ளைங்க என்னத்தப் படிக்கும்?"

செவிடன் கண்டக்டரின் விசிலுக்கு வண்டி ஓட்ட முடியுமா என்று கேட்பார். எனக்கும் அது சரியாகவே பட்டது. காது மந்தம் என்று பஸ் முதலாளிக்குத் தெரிந்தால் வண்டியைவிட்டு இறக்கிவிடுவார் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

பழைய கண்டக்டர் விசில் ஊதும்போதே பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தைக் கையால் அறைவார். நிறுத்த ஒன்று, புறப்பட இரண்டு. ஏதோ கைப்பழக்கம் என்று நினைத்திருந்தேன். அவர் வேறு தடத்துக்கு மாறி, புதியவர் வந்த முதல் நாள். பாலம் தாண்டி முதல் நிறுத்தத்தில் ஓர் அம்மாள் இறங்கிக்கொண்டிருந்தாள். பஸ் கூரைமேல் ஒருவர் வாழைக்காய்க் கட்டுகளை ஏற்றினார். தொம், தொம் என்று இரண்டு விழுந்தன. பஸ் நகர்ந்தது. அந்த அம்மாள் தடுமாறி விழுந்தாள். புதியவர் விடாமல் விசில் ஊதினார். நான் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகே வண்டி நின்றது. அவளுக்கு முழங்கால் சிராய்த்ததோடு போயிற்று.

"ஏன் அண்ணே எடுத்தீங்க?"

"நீ ரெண்டு விசில் கொடுத்த, எடுத்தேன்."

"நான் கொடுக்கவே இல்லண்ணே! நிறுத்தச் சொல்லி ஊதுனேனே, அதுதான் உங்களுக்குக் கேக்கல."

அப்பா என் பக்கம் திரும்பினார். "விசில் கேட்டுத்தான் எடுத்தேன். நீ சொல்லும்மா, நீ படிச்சவ."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது விசிலாகத்தான் கேட்டிருந்தது. பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது.

"விசில் ஊதலப்பா. மேல கட்டு விழுந்த சத்தம்."

அவர் முன்பக்கம் திரும்பி வண்டியை எடுத்தார். விஷயம் புரிந்த புதியவர் மீதி வழியெல்லாம் விசிலோடு தகரத்தையும் அறைந்துகொண்டே வந்தார். பஸ் ஓர் இடத்திலும் தவறவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா மேனேஜரிடம் சாவியைக் கொடுத்தார்.

"கண்ணு முன்ன மாதிரி தெரியலீங்க. இனிமே வண்டி வேணாங்க" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அங்கே என்னை யாரும் கேட்கவில்லை.