ஃப்ரேமில் வந்தவர்

"தோ பாரு நைனா, இந்த ஷோல பெரிய ஆர்டர் ஒண்ணு வர்லேன்னா செகண்ட் ஷிப்ட்ட நிறுத்திட வேண்டியதுதான். நீ இன்னா பண்ணுவியோ, ஏது பண்ணுவியோ."

ட்ரேட் ஷோவுக்கு ஸ்டால் புக் செய்த அன்று முதலாளி சொன்னது இது. அம்பத்தூர் எஸ்டேட்டில், சரக்கை நகர்த்தும் கன்வேயருக்கு ரோலர் செய்யும் சின்னக் கம்பெனி. மார்க்கெட்டிங் என்றால் நான் ஒருத்தன்தான். செகண்ட் ஷிப்ட் என்றால் வெல்டர் ஏகாம்பரமும் அவருடைய ஆட்களும்.

தினமும் ஒரு ரீல் போட்டேன். ஏகாம்பரம் வெல்டிங் அடிப்பார், ரோலர் சுற்றும், கீழே ஸ்டால் நம்பர். "நா நல்லா கீறனா சார்?" என்று ஃபோனை வாங்கிப் பார்த்துக்கொள்வார்.

எதைப் போட்டாலும் "அருமை சார்" என்று ஒருவர் கமென்ட் போடுவார். பெயர் கதிர்வேல், முகத்துக்குப் பதில் செம்பருத்திப் பூ படம். பேச்சுக் கொடுத்தால், குமணன்சாவடிப் பக்கம் பெரிய குடோனில் பர்ச்சேஸ் மேனேஜராம். புதிதாகக் கன்வேயர் லைன் போடப்போகிறார்களாம். விடுவேனா? "ஷோவுக்கு அவசியம் வாங்க சார்" என்று நச்சரித்துவிட்டேன்.

முதல் நாளே நல்ல கூட்டம். தலைகால் புரியவில்லை எனக்கு. லைவ் போட்டு, ஏகாம்பரத்தின் வெல்டிங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒருவர் ஸ்டாலுக்குள் வந்து, "சார், நான்..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணா, ஃப்ரேம்ல வர்றீங்க. கொஞ்சம் தள்ளிக்கோங்க."

தள்ளிக்கொண்டார். லைவ் முடிந்து திரும்பினால் ஆளைக் காணோம். இலவசப் பை வாங்க வந்தவராக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சாயந்திரம் கதிர்வேலுக்கு ஃபோன் செய்தேன். "நாளைக்காவது வாங்க சார்."

"இன்னிக்கே வந்தேனே சார். நீங்க லைவ்ல இருந்தீங்க, தள்ளிக்கச் சொன்னீங்க. எதிர் ஸ்டால்காரர் உக்கார வெச்சு டீ குடுத்தாரு. ரோலர் ஆர்டரை அவர்கிட்டயே குடுத்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."



வேறு பெரிய ஆர்டர் எதுவும் வரவில்லை. அடுத்த மாதம் செகண்ட் ஷிப்ட் நின்றது. நடந்ததை முதலாளியிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஏகாம்பரம் கிளம்பும்போது கேட்டார்: "அந்த லைவ்வ எத்தினி பேரு பாத்தாங்க சார்?"

"நிறையப் பேர்ப்பா" என்றேன். சந்தோஷமாகப் போனார்.

ஷோவுக்குப் போகிற பிள்ளைகளே, ஸ்டாலுக்குள் ஆள் நுழைந்ததும் ஃபோனைக் கீழே வையுங்கள். அத்தனை வீடியோவும் அந்த ஆளை வரவழைக்கத்தான்.

அந்த லைவை நான் அழிக்கவில்லை. நடுவில் ஒரு வெள்ளைச் சட்டைத் தோள் வரும், என் குரல் கேட்கும், தோள் விலகும். கீழே செம்பருத்திப் பூவிலிருந்து ஒரு கமென்ட்: "அருமை சார்."