காகத்துக்கு வைத்த பாயாசம்

இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உங்களில் பலர் எங்கள் அம்மாவை அறிவீர்கள். அறியாதவர்களும் அவரது பாயாச ஐஸைச் சாப்பிட்டிருப்பீர்கள். ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் முதல் ஸ்ரௌவ்வில் வரை தமிழ்க் கடைகளில் மரக்கரண்டி செருகி விற்கிறார்களே, அதேதான். அது எப்படிப் பிறந்தது என்று கேட்டவர்களுக்கு அம்மா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. மகன் நான் இன்று சொல்கிறேன்.

அம்மா கரவெட்டியில் பிறந்தார். போர்க்காலத்தில் அப்பா ஊரிலேயே காலமாக, என்னையும் தங்கையையும் கையில் பிடித்துக்கொண்டு ரொறன்ரோ வந்து சேர்ந்தார். பகலில் தொழிற்சாலை, மாலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. தன் கால்வலியைப் பற்றி மூச்சுவிட மாட்டார். எங்கள் படிப்பில் குறை வந்தால் மட்டும் வீடு இரண்டுபடும்.

அப்பாவின் முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசம் கடுங்குளிரில் வந்தது. அப்போது ஸ்காபுறோவில் அடுக்குமாடி வீடொன்றில் இருந்தோம். அம்மா விடியவே எழுந்து சமைத்து, முதற்பங்கை இலையில் இட்டு, சில்வர் ரம்ளரில் பாயாசத்தைக் கரண்டியோடு பல்கனியில் வைத்தார். காகம் எடுத்த பிறகே வீட்டில் எவரும் சாப்பிடலாம். அந்தக் குளிரில் எந்தக் காகம் வரும்? கூப்பிட்டுக் கூப்பிட்டு அம்மாவின் தொண்டை கட்டிவிட்டது. எங்களுக்குப் பசி. அம்மாவுக்கோ, ஊர் மண்ணில் தன்னைத் தனியே விட்டுவிட்டு நாங்கள் வந்த கோபத்தில்தான் அப்பா சாப்பிட வரவில்லை என்ற எண்ணம்.

திடீரென்று தங்கையைக் காணவில்லை. பல்கனியில் நின்றாள். பாயாசம் கல்லாக உறைந்திருந்தது. ரம்ளரைக் கைகளால் பொத்திவைத்துக் கரண்டியை இழுத்திருக்கிறாள்; முழுதாகக் கழன்று வந்ததை நக்கிக்கொண்டிருந்தாள். அம்மா கை ஓங்கினார்.

"அது அப்பாவின்ரை பங்கடி! காகம் எடுக்க முதல் ஆர் உன்னைத் தொடச் சொன்னது?"

"காகம் வரேல்லை அம்மா. நான் வந்தன்."

ஓங்கிய கை இறங்கியது. அம்மா தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகுதான் நாங்கள் சாப்பிட்டோம்.

தங்கையின் நச்சரிப்புத் தாங்காமல் அம்மா அதை மறுபடி செய்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். கோயில் திருவிழாவில் கேட்டார்கள். கடைசியில் மார்க்கத்தில் சிறு கடையொன்றே எழும்பியது. கண்டுபிடித்தவள் தானே என்று தங்கை இன்றும் மார்தட்டுவாள். ஆனால் அம்மா மட்டும் அதை வாயில் வைத்ததில்லை. "அது அவரின்ரை பங்கு. அவர் சாப்பிட்டாரோ தெரியாது, நான் எப்பிடிச் சாப்பிடுறது?" என்பார். அந்தக் கவலையை எங்களால் தீர்க்க முடியவில்லை.

பின்னாளில் அம்மா நோயில் விழுந்தார். அது முற்றி, அவரால் எதையும் விழுங்க முடியாமல் போயிற்று. குளிர்ச்சியாக எதையாவது உதட்டில் வைக்கலாம் என்றார் மருத்துவமனைத் தாதி. தங்கை பாயாச ஐஸ் ஒன்றைக் கொண்டுபோனாள். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் சாப்பிட்டிருப்பாரோ, பிள்ளை?"

"அண்டைக்கே சாப்பிட்டிட்டார் அம்மா. என்ரை வாயாலை."

அம்மா முதல்முறையாக அதைச் சுவைத்தார்.

"சீனி கூடிப்போச்சு," என்றார்.

சில நாள்களில் எங்களைப் பிரிந்தார்.

அம்மாவைத் தாங்கிய தாதியருக்கும், தினமும் சமைத்துக் கொண்டுவந்த யூனியன்வில் பகுதி அன்ரிமாருக்கும், பனியையும் பாராமல் வந்து தோள்கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இன்றைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் பந்தியில் பாயாச ஐஸும் உண்டு, சீனியைக் குறைத்திருக்கிறோம். அம்மாவின் பங்கையும் அப்பாவின் பங்கையும் வீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் எவராவது அவற்றை எடுத்தால் தயவுசெய்து தடுக்க வேண்டாம்.