முதலில் ஒரு பிடி புல்

ஈப்போவிலிருந்து பிலோமினா அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தபோது காலைத் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன். "அம்மா போயிட்டாங்க அங்கிள்" என்றாள். தேநீரை அப்படியே வைத்துவிட்டேன்.

நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் 'பசியாறிட்டிங்களா' என்று கேட்போம். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிடுவோம். அக்கா மட்டும் நின்று பதிலைக் கேட்டுவிட்டுத்தான் போவார்.

கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். எழுபதுகளின் கடைசியில், மரங்களுக்கு அடியில் மண்டும் களையை மேய நிர்வாகம் செம்மறியாடுகளை வாங்கியது. அவற்றைக் கவனிக்கக் கால்நடை இலாகாவிலிருந்து அக்கா வந்தார். முழுக்கால் சட்டை, ரப்பர் பூட்ஸ், கழுத்தில் சின்னச் சிலுவை. தோட்டத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்ச நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவரிடம்தான் ஓடினார்கள். 'ஆட்டு டாக்டர்' என்று நான் கிண்டல் செய்வேன். "ஆடு பொய் சொல்லாதுலா தம்பி" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் ஆறு பொங்கி, ஆட்டுக் கொட்டகை இருந்த மேடு தீவாகிவிட்டது. வெள்ளம் வடிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, தீனியில்லாத ஆடுகள் பலகையைக் கடித்து வைத்திருந்தன. மந்தை அழிந்தால் மேய்ப்பர் முனியாண்டி அண்ணனுக்கு வேலை கிடையாது. பால்மரம் வெட்டி ரப்பர் பால் இறக்கும் அளவுக்கு அவருக்குக் கண் தெரியாது. அழுதுகொண்டே நொய்க்கஞ்சியை வாளியில் தூக்கி வந்தார்.

அக்கா வாளியைப் பிடித்து நிறுத்தினார். தண்ணீர், ஆட்டுக்கு ஒரு பிடி முற்றிய புல், அவ்வளவுதான் என்றார். பட்டினி கிடந்த வயிற்றில் தீனியைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் குறைந்துபோயிருக்கும், இரைப்பை அசைவே மந்தமாகியிருக்கும், இப்போது அரிசி விழுந்தால் உள்ளே புளித்து ஆட்டைக் கொன்றுவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். யார் கேட்டார்கள்? கல்நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்தார்கள்.

அவர் அந்தப் பக்கம் போனதும் அண்ணன் தன் செல்லக் கிடாவுக்கு மட்டும் கஞ்சி ஊற்றிவிட்டார். மறுநாள் அது வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா திட்டவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நீங்க கொல்லல அண்ணே. பாசம் அவசரப்பட்டிருச்சு. பசியாறிட்டிங்களா?"

அவர் இல்லையென்று தலையசைத்ததும், தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

அதற்குப் பிறகு தினமும் ஒவ்வோர் ஆட்டின் இடது விலாவுக்குப் பின்னால் காதை வைத்துக் கேட்பார். "இரைப்பை இன்னும் பேசல" என்று எழுந்துவிடுவார். ஒரு காலையில் கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். கிழட்டு ஆடு ஒன்று படுத்தபடியே தாடையை அசைத்தது. அசைபோட்டது. அக்காவின் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். மற்ற ஆடுகள் பிழைத்தன. அண்ணனின் வேலையும் பிழைத்தது.

கடைசியாகப் பார்க்கப் போனபோது அக்கா நோயில் மெலிந்து கிடந்தார். மகள் ஊட்டிய கஞ்சியில் ஒரு கரண்டிதான் உள்ளே போனது. எனக்கு அழுகை வந்தது. அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, "பசியாறிட்டிங்களா தம்பி?" என்றார். ஆச்சு அக்கா என்றேன். அந்தப் பொய்யை நம்பிவிட்டதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

நேற்று அடக்கம் முடிந்ததும் அவர் வீட்டில் சாப்பிட உட்கார வைத்தார்கள். நன்றாகத்தான் பரிமாறினார்கள். யாரும் நின்று கேட்கவில்லை. அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க மனசு கிடந்து தவிக்கிறது. ஒரு பிடிக்கு மேல் உள்ளே போகவில்லை.

போய் வாருங்கள், அக்கா. நான் இன்னும் பசியாறவில்லை.